அடை வைத்த கை

பதினோரு முட்டையும் கூமுட்டை. ஒன்றுகூடப் பொரிக்கவில்லை.

இருபத்தொரு நாள் கோழி கிடந்த இடத்தை விட்டு நகரவில்லை. இருபத்திரண்டாம் நாள் விடிந்ததும் ஒன்றை எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்த்தேன். தளக் தளக் என்றது. உடைத்தேன். நாற்றம் தெருக்கோடி வரைக்கும் போனது. மிச்சம் பத்தையும் கருவக்காட்டில் கொண்டுபோய் வீசினேன்.

சிரிக்காதே தம்பி. கூடைக்குள் குஞ்சுகளின் கழுத்தைத்தானே பார்க்கிறாய்? சீக்கு இல்லை. யாரும் பிடுங்கவும் இல்லை. கழுத்தறுப்பான் சாதி இது. பொரிக்கும்போதே கழுத்தில் மயிர் கிடையாது. எங்கள் வீட்டுச் சாதி இல்லை. எப்படி வந்தது என்றுதானே கேட்கிறாய். அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு இந்த மாட்டாஸ்பத்திரியில் சொட்டு மருந்து பத்து மணிக்கு என்றார்கள். மணி பதினொன்று. டாக்டரைக் காணோம். வாய் சும்மாதான் இருக்கிறது. முதலில் உன் ஆட்டைப் பிடி. என் துண்டைத் தின்கிறது.

எங்கள் குலசாமி முனியய்யா. கமுதிப் பக்கம். மாசிக் களரித் திருவிழாவில் அவருக்கு முதல் சேவல் எங்கள் வீட்டுச் சேவல். தாத்தா கொடுத்தார். அப்பா கொடுத்தார். நான் கொடுக்கிறேன். மூத்தவன் வீட்டு முறை அது. சந்தையில் வாங்கின சேவல் ஆகாது. நம் வீட்டுக் கூரைக்கடியில் அடை வைத்து, பொரித்து, வளர்ந்த சேவலாக இருக்கவேண்டும். ஒரு வருஷம் தவறினால் முறை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். போனது திரும்பாது.

அடுத்த வீடு என்றால் என் தம்பி வீடு. வழிவிட்டான் என்று பெயர். நடுவில் ஒரு சுவர். பதினோரு வருஷமாகப் பேச்சு இல்லை.

இன்னொன்றும் உண்டு. சேவலை வாங்கும்போது பூசாரி கேட்பார், "வச்ச கை யாரு கை?" என்று. முட்டையை எடுத்து அடை வைத்தது யாரோ, அவர் பெயரைச் சொல்லவேண்டும். முதல் திருநீறு அந்தக் கைக்குத்தான். சிலர் கை வைத்தால் பத்துக்குப் பத்தும் பொரிக்கும். சிலர் கை ஆகாது. எங்கள் வீட்டில் அடை வைக்கிற கை என் கை. என் பெண்டாட்டியைக்கூடத் தொடவிட்டதில்லை.

ஏன் பேச்சு இல்லையா? மிளகாய். முற்றத்தில் மிளகாய் காயப்போட்டிருந்தேன். குண்டு மிளகாய். அவனுடைய கழுத்தறுப்பான் சேவல் சுவர் ஏறி வந்து கிளறிவிட்டது. கல்லை விட்டெறிந்தேன். சேவல் மேல் படவில்லை. அவன் வீட்டு மண்பானையில் பட்டது. அவன் ஒரு வார்த்தை சொன்னான். நான் இரண்டு சொன்னேன். அவ்வளவுதான். மறுநாள் தேவிபட்டினம் போய்ப் பழைய மீன்வலை வாங்கிவந்து சுவர் நீளத்துக்கும் உயரக் கட்டினேன். அந்த வீட்டுச் சேவல் ஒன்றுகூட இன்றுவரைக்கும் என் முற்றத்தில் கால் வைத்ததில்லை.

சரி. போன வருஷம் தைப்பொங்கலுக்கு மருமகன் வந்தார். ஒரு சேவலை அடித்தோம். மாசியில் இன்னொரு சேவலை முனியய்யாவுக்குக் கொடுத்தோம். அதோடு வீட்டில் சேவல் தீர்ந்தது. பெட்டை மூன்று இருந்தது. அதில் சாம்பல் பெட்டை பங்குனி பத்துக்கு மேல் முட்டையிட ஆரம்பித்தது.

நீயும் அதையே கேட்கிறாயா? சேவல் இல்லாமல் எப்படி என்று? அவளும் இதைத்தான் கேட்டாள். என் பெண்டாட்டி பஞ்சவர்ணம்.

"சேவ இல்லாத வீட்டுல முட்ட எங்கிட்டுப் பொரிக்கும்?"

"மாசி வரைக்கும் சேவல் இருந்துச்சுல்ல? ஒரு தடவ மிதிச்சா ஒரு மாசத்துக்கு வித்து வயித்துல நிக்கும். எனக்குத் தெரியாதா?"

"ஒரு மாசம் தாண்டிப்போச்சு."

"நீ போயி சோத்த வடி."

அறுபது வருஷமாகக் கோழி பார்க்கிறேன். எனக்குச் சொல்ல வந்துவிட்டாள்.

முறைப்படித்தான் வைத்தேன். பழைய கூடை. அடியில் ஆற்று மணல். மேலே வைக்கோல். மூன்று வரமிளகாய், ஒரு கரித்துண்டு. இடி இடித்தால் கரு கலங்காமல் இருக்க ஓர் இரும்புத் துண்டு. முட்டை ஒற்றைப்படையில் பதினொன்று. கிழக்கே பார்த்து நின்று என் கையால் ஒவ்வொன்றாக அடுக்கிக் கோழியைப் பிடித்து உட்காரவைத்தேன். ஏழாம் நாள் அவள் டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்தாள். இருட்டறையில் முட்டைக்குப் பின்னால் வெளிச்சம் அடித்தால் உள்ளே நரம்பு ஓடியிருப்பது தெரியும். ஓடாவிட்டால் எடுத்துவிடலாம். வேண்டாம் என்றுவிட்டேன். வைத்த கை நான். எனக்கில்லாத சந்தேகம் அவளுக்கென்ன?

பதினைந்தாம் நாள் இடி இடித்தது. சித்திரை மழை. அதுதான் காரணம். இரும்பு சின்னதாகப் போய்விட்டது. ஓர் ஆணி எந்த இடியைத் தாங்கும்?

கெட்டுப்போன அன்று எனக்கு வந்த ஆத்திரத்தில் கோழியைத் தூக்கித் தண்ணீர்த் தொட்டியில் முக்கப் போனேன். முக்கினால் அடைகாக்கிற சூடு இறங்கி அடை தெளிந்துவிடும். பஞ்சவர்ணம் பிடுங்கிக்கொண்டாள்.

"முட்ட கூமுட்டையானதுக்குக் கோழி என்ன பண்ணும்? முக்குறதுன்னா மொதல்ல வச்ச கைய முக்குங்க."

எப்படிப் பேசுகிறாள் பார். அப்புறம் கொஞ்சம் இறங்கிவந்து சொன்னாள்.

"இந்தாருங்க, கோழிக்கு இன்னும் அடை தெளியல. மறுபடியும் வைக்கலாம். ஆனா இந்தத் தடவ அவளக் கூப்பிட்டு வைக்கச் சொல்லுவோம்."

"எவள?"

"ஒங்க தம்பி பொண்டாட்டிய. அவ வச்சு ஒரு முட்ட கெட்டதில்ல. ஊரே சொல்லுது."

"ஊருன்னா யாரு? குழாயடியில நிக்கிற நாலு பொம்பளைக. அந்த வீட்டுக் கை இந்த வீட்டுக் கூடையில பட்டுச்சுன்னா கூடையோட கொளுத்திருவேன்."

"கொளுத்துங்க. மாசிக்குச் சாமி முன்னாடி சாம்பலக் கொண்டுபோயிக் குடுங்க."

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. தம்பி பெண்டாட்டி மூத்தவன் முன்னால் நின்று பேசமாட்டாள். எதிரே வந்தால் முக்காட்டை இழுத்துக்கொண்டு ஒதுங்குவாள். மூத்தவனும் அவள் பெயரை வாயால் சொல்லமாட்டான். அந்தப் பெண் வாக்கப்பட்டு வந்து முப்பத்திரண்டு வருஷம். நான் ஒரு நாள் பெயர் சொன்னதில்லை. அவளும் என்னிடம் ஒரு சொல் பேசியதில்லை. சண்டை இல்லாத காலத்திலேயே அப்படி.

மறுநாள் வெள்ளிக்கிழமை நானே வைத்தேன். மற்ற இரண்டு பெட்டைகள் இட்ட முட்டை ஒன்பது இருந்தது. நல்ல செம்முட்டை. இந்தத் தடவை கொழுவையே கழற்றி வைத்தேன். ஏர்க் கொழு. எந்த இடியும் அசைக்காது. அவள் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் எனக்குப் பிடிக்காது.

சனிக்கிழமை சம்பந்தி வீட்டுக் காரியம். முதுகுளத்தூர் தாண்டி ஒரு கிராமம். போனவன் வர முடியவில்லை. செவ்வாய்க்கிழமைதான் வந்தேன். மொட்டை வெயில். பசி. உட்கார்ந்தேன். சோற்றைப் போட்டு முட்டைக் குழம்பை ஊற்றினாள். முழு முட்டை இரண்டு போட்டாள். குழம்பு நன்றாக இருந்தது. அதை மறைக்கவில்லை. மறுபடியும் இரண்டு கேட்டு வாங்கினேன்.

"ஏது இம்புட்டு முட்ட?" என்றேன்.

"இருந்துச்சு" என்றாள்.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுக் கோழியைத் தூக்கிப் பார்த்தேன். ஒன்பது முட்டை. எண்ணிக்கை சரி. கொஞ்சம் வெளுத்திருந்தது. அடையில் கிடந்தால் வெளுக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சுவரோரம் வலையில் ஒரு மூலை அவிழ்ந்து திரும்பக் கட்டியிருந்தது. நான் கட்டினது நைலான் கயிறு. இப்போது கட்டியிருந்தது ஒரு பச்சைத் துணிக் கிழிசல். "இது ஏது?" என்றேன். "காத்து அவுத்துச்சு" என்றாள். காற்று அவிழ்க்கும். முடிச்சும் போடுமா என்று நான் கேட்கவில்லை. குழம்பு சாப்பிட்ட மயக்கம்.

பிடி, பிடி. ஆட்டைப் பிடி என்றேனே. கூடையில் வாயை வைக்கிறது பார்.

எங்கே விட்டேன்? ம். இருபத்தொன்றாம் நாள் வந்தது. பொரிக்கவில்லை. இருபத்திரண்டு. இல்லை. மாசிக்கு இன்னும் ஒன்பது மாசம். இதுவும் போனால் அடுத்த அடை ஆடிக்கு மேல். அந்தக் குஞ்சு களரிக்குள் சேவலாகத் தேறாது. வழிவிட்டான் கையில் முறை போய்விடும். நான் இருக்கும்போதே போய்விடும். இரண்டு நாள் கோழியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். வெளியே யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கென்ன இருக்கிறது?

இருபத்து மூன்றாம் நாள் பஞ்சவர்ணம் ஒரு சட்டியில் வெதுவெதுவென்று தண்ணீர் கொண்டுவந்தாள். முட்டையை ஒவ்வொன்றாக மிதக்கவிட்டாள். உயிர் இருந்தால் முட்டை தண்ணீரில் ஆடும். சும்மா கிடந்தால் செத்தது.

ஒன்று ஆடியது. இரண்டாவது ஆடியது. எட்டு ஆடியது. ஒன்றுதான் சும்மா கிடந்தது.

"நீந்துது பாருங்க" என்றாள்.

"என் கைடீ" என்றேன்.

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். அழுகிறாள் என்று நினைத்தேன்.

இருபத்தைந்தாம் நாள் பொரித்தது. எட்டுக் குஞ்சு. கோழி நாலு நாள் கணக்குத் தவறிவிட்டது என்று ஊரில் சொன்னேன். ஈரம் காய்ந்ததும் பார்க்கிறேன், எட்டுக்கும் கழுத்து மொட்டை.

அக்கினி நட்சத்திரத்தில் அடை, சூட்டில் கழுத்து மயிர் கருகிவிட்டது என்றேன். பஞ்சவர்ணம் ஆமாம் என்றாள். வளர்ந்தால் முளைக்கும் என்றேன். அதற்கும் ஆமாம் என்றாள். டீக்கடையில் ஒருவன், "பெரியவரே, வல கட்டுனீங்களே, கட்டுறதுக்கு முன்னாடியே உள்ள வந்துருச்சோ?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். டீயை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நான் முட்டாள் இல்லை தம்பி. மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். தம்பி வீட்டுச் சேவல் எப்படியோ வலையைத் தாண்டியிருக்கிறது. என் பெட்டைகளைத் திருட்டுத்தனமாக மிதித்திருக்கிறது. சரி, மிதித்துவிட்டுப் போகட்டும். முட்டை என் கோழி முட்டை. கூரை என் கூரை. கை என் கை. சாமிக்கு அது போதும்.

எட்டில் நாலு பெட்டை, நாலு சேவல். பெட்டைகளைப் பருந்தும் கீரியும் பங்குபோட்டுக்கொண்டன. சேவலில் ஒன்றை நாய் பிடித்தது. இரண்டு கழிச்சலில் போனது. அதனால்தான் இப்போது சொட்டு மருந்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன். மிஞ்சினது ஒரே ஒரு சேவல். அதை நான் கண்ணை மூடாமல் காவல் காத்தேன். கம்பும் சோளமும் என் கையால் கொடுத்தேன். கார்த்திகைக்குள் முழங்கால் உயரம் வந்துவிட்டது. கழுத்து மட்டும் சிவப்பாக, உரித்த கிழங்கு மாதிரி.

மாசி வந்தது. களரி வந்தது. பங்காளி எல்லோரும் கூடிவிட்டார்கள். வழிவிட்டான் கைகட்டி நின்றான். நான் அவன் பக்கம் திரும்பவில்லை. ஆனாலும் பார்த்தேன். அவன் கையில் சேவல் இல்லை. கொண்டுவந்திருக்க வேண்டும். மூத்தவன் சேவல் தவறினால் இளையவன் சேவல் தயாராக இருக்கவேண்டும், அதுதான் நியாயம். அவன் வீட்டில் ஏழெட்டுச் சேவல் திரிகிறது. வெறுங்கையோடு வந்து நிற்கிறான். என்ன திமிர் என்று நினைத்தேன்.

பூசாரி மூக்கன் சேவலை வாங்கித் தரையில் நிறுத்தினார். செம்பில் தண்ணீர் எடுத்தார். எங்கள் சாமிக்குத் தண்ணீர் தெளித்தால் சேவல் உடம்பைச் சிலிர்த்துக் குலுக்கவேண்டும். குலுக்கினால்தான் சாமி ஏற்றுக்கொண்டது. இல்லாவிட்டால் அறுக்கமாட்டார்கள்.

"வச்ச கை யாரு கை?"

"என் கை" என்றேன்.

தண்ணீர் தெளித்தார். சேவல் நின்றது. தலையைக்கூட ஆட்டவில்லை.

"வச்ச கை யாரு கை, மூத்தவரே?"

"அதான் சொன்னேனே. என் கை."

மறுபடியும் தெளித்தார். தண்ணீர் அந்தச் சிவப்புக் கழுத்தில் வழிந்து இறங்கியது. சேவல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. கூட்டத்தில் ஒருவன், "கழுத்துல மயிரே இல்ல, எத வச்சுச் சிலுக்கும்?" என்றான். நான் அதையே பிடித்துக்கொண்டேன்.

"ஆமா. மயிர் இருந்தாத்தான சிலுக்கும்? ஒடம்புல தெளியப்பா, கழுத்துல தெளிச்சா?"

மூக்கன் செம்பைக் கீழே வைத்தார். சிரிக்கவில்லை.

"இன்னும் ஒரு தடவதான். அதுக்கு மேல என் கையில இல்ல. சேவல எறக்கிருவேன். முற சின்ன வீட்டுக்குப் போகும். யோசிச்சுச் சொல்லுங்க."

பெண்கள் நின்ற பக்கம் திரும்பினேன். பஞ்சவர்ணம் நின்றாள். அவளுக்குப் பின்னால் முக்காடு போட்டு இன்னொருத்தி. முக்காட்டுச் சேலை பச்சை. முந்தானையில் ஓர் ஓரம் கிழித்து எடுத்த மாதிரி இருந்தது.

பஞ்சவர்ணம் கூட்டத்துக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"வாயத் தொறந்து சொல்லுங்க. அன்னைக்குக் கொழம்பு ருசியாத்தான இருந்துச்சு?"

தம்பி, எனக்கு ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் எல்லாம் ஓடியது. நாலு முட்டை நான் தின்றது. வெளுத்த ஒன்பது. நாலு நாள் தள்ளிப் பொரித்தது. காற்று போட்ட முடிச்சு. கோழி கணக்குத் தவறவில்லை. நான் சம்பந்தி வீட்டில் இருந்தபோது அந்தப் பெண் மடியில் தன் வீட்டு முட்டையைக் கட்டிக்கொண்டு வலையை அவிழ்த்து வந்திருக்கிறாள். தன் கையால் வைத்துவிட்டு வலையை மறுபடியும் கட்டிவிட்டுப் போயிருக்கிறாள். என் ஒன்பதும் குழம்பு.

இப்போதும் சொல்கிறேன், என் ஒன்பதை விட்டிருந்தால் அதுவும் பொரித்திருக்கும். கொழு வைத்திருந்தேன். நீ நம்பாவிட்டால் போ.

ஆனால் இதைச் சொல். சும்மா இருந்திருந்தால் முறை அவள் வீட்டுக்கு வந்திருக்கும். முதல் சேவல் அவள் புருஷன் கையால் போயிருக்கும். அவன் எடுத்துக்கொண்டிருக்கலாம். சேவலே கொண்டுவராமல் வந்து நிற்கிறான். பதினோரு வருஷம் நான் வலை கட்டி உட்கார்ந்திருந்தேன். என்னைத் தோற்கக்கூட விடவில்லை அவர்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை. கல்லை விட்டெறிந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

மூக்கன் மூன்றாம் தடவை கேட்டார்.

சொன்னேன். முப்பத்திரண்டு வருஷம் வாயில் வராத பெயர். சத்தம் பெரிதாக வரவில்லை. "கேக்கல" என்றார் மூக்கன். மறுபடியும் சொன்னேன். தண்ணீர் தெளித்தார். சேவல் தலையிலிருந்து வால் வரைக்கும் ஒரு குலுக்குக் குலுக்கியது. என் வேட்டியெல்லாம் தண்ணீர். குலவைச் சத்தம் கிளம்பியது. அந்த நேரம் பார்த்துக் காற்றும் அடித்தது. காற்றுக்குக் குலுக்கியிருக்கலாம். யார் கண்டது?

முறை எங்கள் வீட்டிலேயே நின்றது. திருநீறு அந்தக் கைக்குப் போனது. அவள் வாங்கினாள். வாங்கிக் கொஞ்சம் பஞ்சவர்ணம் கையில் கொட்டினாள். பஞ்சவர்ணம் என் நெற்றியில் பூசினாள். இப்படிச் சுற்றி வந்தது எனக்கு.

என் தம்பியா? பேசவில்லை. நானும் பேசவில்லை. ஊருக்குப் போனதும் வலையைப் பார்த்தேன். அந்த மூலையை யாரோ மறுபடியும் அவிழ்த்து வைத்திருந்தார்கள். இன்னும் கட்டவில்லை. கட்ட வேண்டும். வேலை ஒழியவில்லை.

அடுத்த களரிக்கு இந்தக் குஞ்சுகள். பதினொன்று வைத்துப் பதினொன்றும் பொரித்தது. முட்டை அவர்கள் வீட்டு முட்டை. கூரை என் கூரை. நான் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவ்வளவுதான் என் வேலை. வைக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வழக்கம்.

அதோ, கம்பவுண்டர் வந்துவிட்டான். டாக்டர் வருவதற்கு முன்னால் சீட்டு எழுதுகிறான். வரிசையில் நான்தான் முன்னால், நினைவிருக்கட்டும். உன் ஆட்டை இழுத்துக்கொண்டு குறுக்கே பாயாதே.

என்னப்பா? பதினோரு குஞ்சு. நாட்டுக்கோழிதான். கழுத்து அப்படித்தான் இருக்கும், நீயும் சிரிக்காதே. யார் பேரிலா?

எழுதிக்கொள். இருளாயி.